ஓரம் விடாத மனு

“தபால் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள், சார்.”

இதைக் கேட்டது நான்தான். கேட்டபோது என் பேனா, அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த உத்தரவின் பதினேழாவது வரியில் நின்றிருந்தது. தலைமை குமாஸ்தா பக்தவச்சலம் மூக்குக்குக் கொண்டுபோன பொடியை அப்படியே மேஜைமேல் உதிர்த்துவிட்டார். விசாரணை அதிகாரி கஜபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மலைக் குரங்குகூட ஒரு கணம் சொறிவதை நிறுத்தியதாக எனக்கு ஞாபகம்.

நான் வேலையில் சேர்ந்த அன்றே பக்தவச்சலம் இதைச் சொல்லியிருந்தார்.

“அம்மா ரஞ்சிதம், இங்க நீ எது வேணும்னாலும் கேளு. லீவு கேளு, நாற்காலிக்கு மெத்தை கேளு, சம்பளத்தைக்கூடக் கேளு. அதிகாரி முன்னால தபால் பதிவேட்டை மட்டும் கேக்காதே.”

“ஏன் சார்?”

“எந்தக் காகிதம் எந்தத் தேதியில வந்துதுன்னு அதுல கீது. சர்க்காருக்கு ஒரு விஷயம் எப்போ தெரியும்னு யாருக்கும் தெரியக் கூடாதும்மா. அப்புறம் சர்க்கார் எப்படி நடக்கும்?”

திருத்தணி மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் எங்கள் ஆபீஸ் இருந்தது. யுத்தகால ஆயுத நியாய விசாரணை ஆபீஸ் என்று பெயர்ப் பலகை. யாராவது தற்காப்புக்காகத் துப்பாக்கியைத் தூக்கினால், தூக்கியது நியாயமா இல்லையா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். பீனல் கோடில் அது நாலு வரி. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்று நியாயமாகப் பயந்தால் தற்காத்துக்கொள்ளலாம்; சர்க்கார் உதவியைத் தேட அவகாசம் இருந்தால் கூடாது; தேவைக்கு மேல் கூடாது. நாலு வரி மிகவும் குறைவு என்று கருதிய எங்கள் ஆபீஸ் அதை முப்பத்திரண்டு கேள்விகளாக விரித்திருந்தது.

இரண்டு வருஷத்தில் நாற்பத்தோரு பேரை விசாரித்திருந்தார்கள். அதில் நியாயம் என்று தீர்ப்பானது ஒருவருக்குத்தான். அவர் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. திருடன் அவரை வாசலிலேயே வெட்டிப்போட்டுவிட்டான். ‘எடுத்திருந்தால் நியாயமே’ என்று அவருடைய ஃபைலில் கஜபதி தம் கையால் எழுதியிருந்தார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மாதிரி ஃபைல் என்று அதைத்தான் காட்டுவார்கள்.

யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட்டதால் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரத் தெருவில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று முதலில் போட்டவள் நான். நைனா சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: “சர்க்கார் உத்தியோகம். வாயை மூடிகினு கையால மட்டும் வேலை செய்.” நான் அப்படியே செய்தேன். கையால் மட்டும்தான் செய்தேன். அதனால்தான் இந்தக் கதை.

வைகாசியில் ரத்தினம்மாள் முதல் தடவை வந்தாள். கே.ஜி.கண்டிகைக்குப் போகும் பாதையில் ஒதுக்குப்புறமாக வேர்க்கடலைக் கொல்லை, அதில் ஒரு வீடு. புருஷன் ஆனந்தன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போய்விட்டான். மாமனார் பேரில் காட்டுப்பன்றி விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி, லைசென்ஸோடு. மாமனார் செத்த பிறகு லைசென்ஸ் அவள் பேருக்கு மாறியிருந்தது. அவள் பயந்தது பன்றிக்கு இல்லை. கொல்லைக்குப் பக்கத்துக் காட்டை வெட்டிக் கரி சுட்டு, கரி வாயுவில் ஓடும் பஸ்களுக்கு விற்கும் காண்ட்ராக்டர் துளசிங்கத்துக்கு.

அவள் கொண்டுவந்த காகிதத்தில் விளிம்பிலிருந்து விளிம்புவரை எழுத்து. யுத்த காலம், காகிதம் கிடைக்காது. யாரிடமோ ஒரு தாள் கேட்டு வாங்கி, ஒரு விரல் இடம்கூட வீணாக்காமல் எழுத வைத்திருக்கிறாள்.

நான் அதைப் படிக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

“இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஓரம் விட வேண்டும்,” என்றேன்.

“அது இன்னாத்துக்கும்மா?”

“அதிகாரி குறிப்பு எழுத.”

“இதுல நான் எழுதிகீறதைப் படிக்க மாட்டாரா?”

“படித்தால்தானே குறிப்பு எழுத முடியும்? எழுத இடம் இல்லாவிட்டால் எதற்குப் படிக்க வேண்டும்?”

இதைச் சொல்லிவிட்டு எனக்குள்ளே சந்தோஷப்பட்டேன். எவ்வளவு தர்க்கமாகப் பேசுகிறேன் பார் என்று. ‘ஓரம் இல்லை. திருப்பப்பட்டது’ என்று தபால் பதிவேட்டில் அழகாக எழுதினேன். என் கையெழுத்து அழகானது, எல்லோரும் சொல்வார்கள்.

ஆனியில் ஓரம் விட்டுக் கொண்டுவந்தாள். சம்பவத் தேதி என்ற இடம் காலியாக இருந்தது.

“எந்தத் தேதியில் நடந்தது?”

“இன்னும் நடக்கலம்மா. நடக்கும்னுதான் வந்துகினு இருக்கேன். தினம் கொல்லை மேட்டுல வந்து நின்னுகினு பார்க்கறான். ‘உம் புருஷன் திரும்பி வரப்போறதில்ல’ன்றான்.”

“தேதி இல்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது. அவன் எப்போது வருவான் என்று தெரிந்துகொண்டு எழுதி வா.”

‘தேதி இல்லை. திருப்பப்பட்டது’ என்று அதையும் தபால் பதிவேட்டில் எழுதினேன். இதுவும் நான் சொன்னதுதான். வேறு யாரோ சொன்னதாக எழுத ஆசையாக இருக்கிறது.

மூன்றாம் தடவை, ஆடி பிறந்ததும், யாரோ புத்தி சொல்லி, அன்றைய தேதியையே போட்டுக் கொண்டுவந்தாள். பதிவேட்டில் பதிந்து எடுத்துக்கொண்டேன். பக்தவச்சலம் பார்த்துவிட்டு, “நிலுவைக் கட்டுல போடும்மா. துளசிங்கம் நம்ம அதிகாரிக்கு கேம்புக்குக் கார் தர்றவரு,” என்றார். போட்டேன்.

அதே ஆடியில், பட்டப்பகல் பதினோரு மணிக்குத் துளசிங்கம் அவள் வீட்டுக்குள் போனான். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அவள் மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்து அவன் மார்புக்கு நேரே நீட்டினாள். அவன் தாழைத் திறந்துகொண்டு வெளியே போனான். குண்டு வெடிக்கவில்லை, ஒருவருக்கும் காயமில்லை.

மறுநாள் துளசிங்கத்தின் புகார் வந்தது. இரண்டு பக்கமும் ஓரம் விட்டிருந்தான். அதை நான் பத்து நிமிஷத்தில் பதிவு செய்து உள்ளே அனுப்பினேன்.

முதல் விசாரணைக்கு ரத்தினம்மாள் வந்தபோது துப்பாக்கி மேஜைமேல் சிவப்பு நாடா கட்டிக் கிடந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. வெளியே காவடிக்காரர்களின் பம்பைச் சத்தத்தில் ஒவ்வொரு கேள்வியையும் கஜபதி கத்திக் கேட்க வேண்டியிருந்தது. துளசிங்கத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

“சார், நான் குடிக்கத் தண்ணி கேக்கப் போனேன். ஆடிக் காத்து பாருங்க, கதவு தானா சாத்தி, தாழும் தானா வுழுந்துட்ச்சு,” என்றான்.

கஜபதி தலையசைத்தார். “ஆடிக் காற்று பலமானதுதான். எழுதிக்கொள்.”

எழுதிக்கொண்டேன்.

அவர் ரத்தினம்மாள் பக்கம் திரும்பினார். “கேள்வி நாலு. துப்பாக்கியை எடுக்கும்முன் அவருடைய உத்தேசம் என்ன என்று அவரைக் கேட்டாயா?”

“இன்னாங்க?”

“நீங்கள் எதற்காக வந்தீர்கள், உங்கள் எண்ணம் நல்லதா கெட்டதா என்று மரியாதையாக விசாரித்தாயா?”

“தாழ் போட்டுட்டு ‘கத்தினா யாரும் வரமாட்டாங்க’ன்னான். அதுக்கு மேல இன்னாத்தைங்க கேக்கறது?”

“அது உண்மைதானே? ஒதுக்குப்புறமான வீடு. யாரும் வரமாட்டார்கள் என்று ஒருவர் உண்மையைச் சொன்னால் அது மிரட்டல் ஆகாது. கேள்வி ஒன்பது. பயந்தாயா?”

“பயந்தேங்க.”

“எவ்வளவு? அதிகம், மத்திமம், சொற்பம்.”

ரத்தினம்மாள் என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

“ரொம்பங்க,” என்றாள்.

“ரொம்பப் பயந்தவள் கை நடுங்க வேண்டும். துப்பாக்கியை நேராக மார்புக்கு நீட்டினாய் என்று அவர் சொல்கிறார். உன் கை நடுங்கவில்லை. ஆகவே பயம் இல்லை. பயம் இல்லாதவளுக்குத் தற்காப்பு உரிமை கிடையாது.”

“நடுங்கிச்சுங்க, சாமி. கையும் காலும் வெலவெலத்துப் போச்சு.”

“நடுங்கும் கையில் ஆயுதத்தைப் பிடித்தாயா?” கஜபதி நிஜமாகவே அதிர்ந்தார். “எவ்வளவு பெரிய அஜாக்கிரதை! எழுதிக்கொள், எழுதிக்கொள்.”

எழுதிக்கொண்டேன்.

“துப்பாக்கியில் மருந்து இருந்ததா?”

“இல்லீங்க. மருந்து பர்மிட்டு நிறுத்திட்டாங்களே. ஒரு வருஷமா வெறுங்குழாய்தான்.”

பர்மிட்டை நிறுத்தியதும் எங்கள் ஆபீஸ்தான்.

“மருந்து இருந்திருந்தால் அது கொலை முயற்சி,” என்று கஜபதி பொறுமையாக விளக்கினார். குழந்தைக்குச் சொல்வதைப் போல விளக்குவார். அது அவருடைய நல்ல குணம். “மருந்து இல்லாத துப்பாக்கியால் தற்காத்துக்கொள்ள முடியாது. தற்காக்க முடியாத ஒன்றைத் தற்காப்புக்கு எடுத்தேன் என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? அது வெறும் அவமரியாதை. ஒரு கண்ணியமான மனிதரிடம் வெறுங்குழாயை நீட்டியிருக்கிறாய்.”

“எம் புருசன் கையிலயும் சர்க்காரு துப்பாக்கி குடுத்துகீதுங்க. அங்க அவரு யாரோட உத்தேசத்தைக் கேட்டுட்டுச் சுடறாரு?”

“அது யுத்தம். யுத்தத்தில் சந்தேகம் வந்தாலே போதும். வீடு அப்படியில்லை; வீட்டில் நிச்சயமாகத் தெரிய வேண்டும்.”

“நிச்சயமாத் தெரியணும்னா நடந்து முடியணுமே, சாமி.”

“அதேதான்!” கஜபதியின் முகம் மலர்ந்தது. “கடைசியில் உனக்குப் புரிந்துவிட்டது. நடந்து முடிந்திருந்தால் என் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! உன் பக்கம்தான் தீர்ப்பு எழுதியிருப்பேன். நான் பெண்களுக்கு விரோதி இல்லை.”

துளசிங்கம், “துரை அவங்களை மாதிரி நியாயஸ்தர் கிடைக்கறது கஷ்டம்,” என்றான்.

“கேள்வி இருபத்தேழு. இதுதான் முக்கியம். சர்க்காரிடம் முறையிட உனக்கு அவகாசம் இருந்ததா?”

“மூணு தபா மனு குடுத்தேங்க.”

“யாரிடம்?”

அவள் கை நீட்டிக் காட்டியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். “இங்கதாங்க, ஆபீசுல,” என்றாள்.

கஜபதி பக்தவச்சலத்தைப் பார்த்தார். பக்தவச்சலம், “ஃபைல்ல அப்படி ஒண்ணும் காணோம், சார்,” என்றார். நிலுவைக் கட்டில் இருப்பது ஃபைலில் சேராது. அவர் பொய் சொல்லவில்லை. நான் மட்டும் ஏன் பேசாமல் இருந்தேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். வேலை நிரந்தரமாகும் சமயம். அது மட்டுமில்லை. ‘ஓரம் இல்லை’ என்று நான் எழுதியதை அந்தக் கூட்டத்தில் யாரும் உரக்கப் படித்துவிடக் கூடாது என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்காக அவளைப் பொய்க்காரி ஆக்கினேன்.

‘மனு கொடுத்ததாகச் சொல்கிறாள். ஆதாரம் இல்லை.’ எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஸ்தல விசாரணை. துளசிங்கத்தின் காரிலேயே போனோம். அதிகாரி, குமாஸ்தா, நான், பியூன் தேசப்பன், சர்வே சங்கிலி, நாடா கட்டிய துப்பாக்கி, முன்னால் துளசிங்கம். ரத்தினம்மாளை நடந்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் எங்களுக்கு முன்பே வந்து, வாசல் தெளித்து, மோர் கரைத்து வைத்திருந்தாள். துளசிங்கம் இரண்டு சொம்பு குடித்தான். “தண்ணிக்கு வந்தப்போ குடுக்கல, இன்னிக்குக் குடுக்கறா பாருங்க,” என்று சிரித்தான். பக்தவச்சலமும் சிரித்தார்.

நடந்ததை நடந்தபடி நடித்துப் பார்ப்பது விதி. துளசிங்கம் பெரிய மனிதர், தம் வேஷத்தைத் தாமே போட முடியாது. அதனால் தேசப்பனைத் துளசிங்கமாக நியமித்து ஒரு உத்தரவு போட்டோம். ரத்தினம்மாளாக யார் இருப்பது?

“நானே இருக்கிறேன்,” என்றார் கஜபதி. “பயம் உண்டாக அந்த இடத்தில் முகாந்திரம் இருக்கிறதா என்று நானே உணர்ந்து பார்க்கிறேன். உள்ளே வேறு யாரும் இருக்கக் கூடாது. எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும். துப்பாக்கியை எடுக்க வேண்டிய இடம் வந்தால் எடுப்பேன். வராது.”

நாடாவை அவிழ்த்துத் துப்பாக்கியை மூலையில் சாத்தினார்கள். சுவரில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு சாளரம். அதன் வழியாகப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் வேலை. துளசிங்கம் காரில் சாய்ந்துகொண்டான். பக்தவச்சலம் சங்கிலியோடு வாசலில் நின்றார். ரத்தினம்மாள் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

தேசப்பன் உள்ளே போனான். பதினோரு வருஷமாகக் கஜபதிக்குச் செருப்பு எடுத்து வைக்கிறவன். ஐந்தடி உயரம், வற்றல் உடம்பு.

“சார், இப்போ தாழ் போடட்டுங்களா?”

“போடு, போடு.”

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வெளியே கேட்டது. புளிய மரத்தடியில் இருந்த ரத்தினம்மாள் எழுந்து விறுவிறுவென்று கிணற்றுப் பக்கம் போனாள்.

உள்ளே இருட்டு. சாளரத்தின் வெளிச்சத்தை என் தலையே மறைத்துக்கொண்டிருந்தது.

“ஓரடி வரணும்னு போட்டுகீதுங்க,” என்றான் தேசப்பன்.

“வா.”

வந்தான்.

“இப்போ துளசிங்கம் அய்யா சொன்ன பேச்சைச் சொல்லணும்.”

“சொல்லேன்!”

தேசப்பனுக்கு நடிக்கத் தெரியாது. மனப்பாடம் செய்ததை, ஏற்ற இறக்கம் இல்லாமல், மெதுவாகச் சொன்னான். “கத்தினா யாரும் வரமாட்டாங்க.”

சொல்லிவிட்டு, எழுதியிருந்தபடி கையை நீட்டிக்கொண்டு இன்னோர் அடி வைத்தான்.

“நில்லு! நில்லுடா!” என்று ஒரு குரல் கேட்டது. அது அதிகாரியின் குரல் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கஜபதி சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார். துப்பாக்கி அவர் கையில் இருந்தது. குழாய் தேசப்பனின் மார்புக்கு நேரே, ஆனால் நேராக இல்லை. மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

“சாமி! நான் தேசப்பன், சாமி! தேசப்பன்!”

“தாழை எடு! முதலில் தாழை எடு!”

கதவு திறந்தது. கஜபதி வெளியே வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வானத்தைப் பார்த்தார். முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பிறகு என்னிடம், “எழுதிக்கொள். அறையில் காற்றோட்டம் போதாது. அதிகாரி துப்பாக்கியின் எடையைப் பரிசோதித்தார்,” என்றார்.

எழுதினேன். எழுதினேன் என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நான் செய்தது அது ஒன்றுதான்.

பக்தவச்சலம் சாக்குக்கட்டியால் கோடு போட, நானும் அவரும் சங்கிலி பிடித்து அளந்தோம். ரத்தினம்மாள் துப்பாக்கியைத் தூக்கியது, துளசிங்கம் அவளுக்கு நாலு கண்ணி தூரத்தில் இருந்தபோது. கையெட்டும் தூரம். அதிகாரி தூக்கியது, தேசப்பன் ஒன்பது கண்ணி தூரத்தில் இருந்தபோது.

“இரண்டையும் கூட்டிச் சராசரி எடுங்கள்,” என்றார் கஜபதி.

“ஆறரைக் கண்ணி, சார்.”

“ஆறரைக் கண்ணி தூரத்தில் இரண்டு பேர் நிதானமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். போட்டுக்கொள். அப்புறம், தேசப்பனுக்கு ஒரு மெமோ. அதிகாரியை நோக்கி அளவுக்கு மீறிய பாவனையோடு முன்னேறியதற்கு விளக்கம் கேட்டு.”

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். ரத்தினம்மாள் தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.

“நீங்கதானம்மா அந்த ஓரம் கேட்டவங்க?”

“ஆமாம்.”

“நான் ஓரம் வுட்டுக் குடுத்தேனே. அதுல இன்னா எழுதுனாங்க?”

குரலில் கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. கோபித்திருந்தால் நானும் கோபித்துத் தப்பித்திருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“குறிப்பு எழுதியிருக்கிறார்கள்,” என்றேன்.

“இன்னா குறிப்பு?”

“அது ரகசியம். சொல்லக் கூடாது.”

“ஆங். எழுதினா சரிம்மா,” என்றாள். இன்னும் ஒரு வாளி இறைத்து என் காலில் ஊற்றினாள். “துப்பாக்கியை மட்டும் குடுக்கச் சொல்லுங்க. வெறுங்குழாய்தான், ஆனா அவனுக்கு அது தெரியாம இருந்துச்சு. இப்போ ஆபீசுல வச்சிக் கேட்டுட்டீங்க. தெரிஞ்சிபோச்சு.”

ஆபீசுக்குத் திரும்பியதும் நிலுவைக் கட்டை அவிழ்த்தேன். அவள் மனு அடியில் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு ஓரம். யாரோ அடிக்கோல் வைத்து மடித்த சுத்தமான ஓரம். அதில் பக்தவச்சலம் காபி டம்ளர் வைத்த வட்டம் ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

அன்றுதான் அந்த மனுவை முதல் தடவையாகப் படித்தேன். ‘அவன் வந்து கதவைத் தாழ் போட்டால் நான் துப்பாக்கியை எடுப்பேன், அதற்கு முன்னால் சர்க்கார் ஏதாவது செய்ய வேண்டும்’ என்று எழுதியிருந்தது. என்ன நடக்கும், அவன் எப்படி வருவான், அவள் என்ன செய்வாள் எல்லாமே அதில் இருந்தது. தேதி ஒன்றைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. முடியாது என்று தெரிந்தும் கேட்டவள் நான்.

கடைசி அமர்வு வெள்ளிக்கிழமை. ரத்தினம்மாளும் துளசிங்கமும் வந்திருந்தார்கள். கஜபதி எழுந்து நின்று உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதினேன். துப்பாக்கி பறிமுதல். லைசென்ஸ் ரத்து. ரத்தினம்மாள்மேல் கேஸ் போடச் சிபாரிசு. துளசிங்கத்தின் பொறுமைக்குப் பாராட்டு. பிறகு பதினேழாவது வரி: ‘சர்க்காரிடம் முறையிடப் போதிய அவகாசம் இருந்தும், மேற்படியாள் ஒரு தடவைகூட முறையிடாமல்…’

அங்கேதான் கேட்டேன், தபால் பதிவேட்டை.

“ரஞ்சிதம், உடம்பு சரியில்லையா?” என்றார் பக்தவச்சலம்.

“வைகாசி, ஆனி, ஆடி. மூன்று மனுவும் நான் வாங்கினேன். மூன்றும் பதிவேட்டில் இருக்கிறது. மூன்றாவது மனு நிலுவைக் கட்டில் இருக்கிறது. தேசப்பன், பதிவேட்டை எடுத்துவந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேஜைமேல் வை.”

தேசப்பன் அதிகாரியைப் பார்க்கவில்லை. மெமோ அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. போய், எடுத்துவந்து, வைத்தான்.

ரத்தினம்மாளையும் துளசிங்கத்தையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். துளசிங்கம் எழுந்திருக்கும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளிய சத்தம் பெரிதாகக் கேட்டது. கஜபதி பக்கங்களைப் புரட்டினார். நிதானமாகப் படித்தார். மூடினார்.

“இதில் இருப்பது உன் கையெழுத்து.”

“ஆமாம், சார்.”

“அழகான கையெழுத்து. பார், அம்மா. சர்க்கார் தவறு செய்யாது. சர்க்காரில் யாராவது ஒருவர்தான் தவறு செய்வார். அந்த ஒருவர் யார் என்பதைச் சர்க்கார் தீர்மானிக்கும். இந்தப் பதிவேடு வெளியே போனால் அது நீ. நானில்லை, பக்தவச்சலமும் இல்லை. ஒரு தறிக்காரர் மகள் படித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். எனக்கு மனசு கேட்கவில்லை.” அவர் குரல் உண்மையிலேயே கனிந்திருந்தது. “பக்தவச்சலம், அந்தப் பாரத்தை எடுங்கள்.”

பக்தவச்சலம் எடுத்து நீட்டினார். எங்கள் ஆபீசில் ஃபைல் எது காணாமல் போனாலும் மலைக் குரங்கு எடுத்துப்போனதாக எழுதிக் கையெழுத்துப் போட அச்சடித்த பாரம் உண்டு. வானர நஷ்ட அறிக்கை. போன வருஷம் மட்டும் பதினான்கு ஃபைல்களும் ஒரு நாற்காலியும் குரங்கு எடுத்துப்போயிருந்தது.

“பதிவேட்டின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடு. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியது, அவ்வளவுதான். உன் உத்தியோகம் நிரந்தரமாக நான் இன்றைக்கே எழுதுகிறேன். துப்பாக்கியை எப்போது எடுக்கலாம் என்று ஊருக்கே சொல்லும் ஆபீஸ் இது. நம்மை நாம் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாவிட்டால் எப்படி?”

பக்தவச்சலம், “போட்டுடும்மா. உங்க நைனாவை நினைச்சிக்கோ,” என்றார்.

நினைத்துக்கொண்டேன். நைனா இதைக் கேட்டால் சாப்பிடமாட்டார். தறியில் பாவு இழை அறுந்ததுபோல் உட்கார்ந்துவிடுவார். அதற்கும் நான்தான் பொறுப்பு.

“குரங்குக்கு இனி நேரமில்லை, சார்,” என்றேன். “காலையில் ஆபீஸ் திறக்கும்முன்பே மாஜிஸ்திரேட் கோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்று தேதியும், மூன்று பதிவு நம்பரும். ஸ்தல விசாரணையில் அதிகாரி எத்தனை கண்ணி தூரத்தில் துப்பாக்கியைத் தூக்கினார் என்பதும். பதிவேட்டைக் கேட்டு மத்தியானத்துக்குள் கோர்ட்டிலிருந்து ஆள் வரும். அதற்குள் அது இந்த மேஜைமேல் இருந்ததை நாலு பேர் பார்த்திருக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்டேன்.”

கஜபதி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கை, அவருக்கே தெரியாமல், மேஜைமேல் கிடந்த வெறுங்குழாயின்மேல் போய்ப் படிந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

“உன்னையே மாட்டிவைத்திருக்கிறாய்,” என்றார்.

“ஆமாம், சார். வாக்குமூலத்தின் முதல் வரியே அதுதான்.”

பேனாவை மூடி மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது ஆபீஸ் பேனா. வாசலில், படிக்கட்டில், ரத்தினம்மாள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது. கிணற்றடியில் நான் சொன்னது பொய், அந்த ஓரத்தில் யாரும் ஒன்றும் எழுதவே இல்லை என்பது. அதைக் கேட்டபின் அவள் என் முகத்தில் துப்பினாலும் துப்பலாம். அதுவும் நியாயமே.

நான் வாசல் நிலையைத் தாண்டும்போது பின்னாலிருந்து பக்தவச்சலத்தின் குரல் கேட்டது. முப்பது வருஷப் பழக்கம். அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“அம்மா, வாக்குமூலத்துல ஓரம் வுட்டுத்தானே எழுதின?”

“விடல, சார்,” என்றேன். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.